ஜூரர் மனத்தில் உருவாகும் கதை

நேயர்களுக்கு வணக்கம். பம்பாயில் 1959-ஆம் ஆண்டு நடந்த நானாவதி வழக்கைப் பற்றி, அதாவது மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி மீது தொடரப்பட்ட வழக்கைப் பற்றி, உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து அமர்த்தப்பட்ட ஒன்பது ஜூரர்களில் எட்டுப் பேர் அவர் குற்றவாளி அல்லர் என்றார்கள். செஷன்ஸ் நீதிபதியோ அதை ஏற்காமல் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 1961-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பத்திரிகைகளே அந்த ஜூரர்களின் மனத்தைக் கலைத்துவிட்டன என்று இன்றும் சொல்வார்கள். பத்திரிகைகள் மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. தெருவில் ஒரு சண்டை என்றால், முதலில் கை வைத்தது யார் என்றுதானே கேட்கிறோம்? நடந்ததை ஒரு கதையாகக் கோத்துக்கொள்ளாமல் நம் மனம் தீர்ப்புச் சொல்வதில்லை.

நான்சி பென்னிங்டன், ரீட் ஹேஸ்டி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதை ஒரு கொலை வழக்கைக் கொண்டு ஆராய்ந்தார்கள். மதுக்கூடத்தில் பகலில் ஒருவர் சவரக் கத்தியைக் காட்டி இன்னொருவரை மிரட்டுகிறார். மிரட்டப்பட்டவர் அன்று மாலையே நண்பரோடு திரும்பி வருகிறார். வெளியே கைகலப்பு மூள்கிறது. அவருடைய மீன்பிடிக் கத்தி மற்றவரின் மார்பில் பாய்கிறது. அந்தக் கத்தி அவரிடம் வழக்கமாக இருப்பதா, பழிவாங்கவென்றே எடுத்து வந்ததா? ஆய்வில் ஜூரர்களைப் போல இவ்வழக்கைக் கேட்டவர்களில், கொலை என்றவர்களும் தற்காப்பு என்றவர்களும் கேட்டது ஒரே சாட்சியம். ஆனால் சாட்சிகள் சொல்லாத எண்ணங்களையும் நோக்கங்களையும் அவரவரே இட்டு நிரப்பி, வெவ்வேறு கதைகளைக் கட்டியிருந்தார்கள்.

1988-இல் வெளிவந்த ஆய்வில் அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அரசுத் தரப்பின் சான்றுகளைச் சம்பவம் நடந்த வரிசையிலும், எதிர்த்தரப்பின் சான்றுகளைச் சாட்சிவாரியாகச் சிதறலாகவும் கேட்டவர்களில் 78 விழுக்காட்டினர் கொலைக் குற்றம் என்றார்கள். இரு தரப்புக்கும் வரிசையை இடம் மாற்றியபோது அது 31 விழுக்காடாகக் குறைந்தது. மீண்டும் சொல்கிறேன்: சாட்சியத்தில் எந்த மாற்றமும் இல்லை, சொன்ன வரிசைதான் மாறியது. ஒரு மனிதரின் வாழ்வு இதைச் சார்ந்திருப்பது எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது. உண்மையைச் சொல்பவருக்குக் கோவையாகச் சொல்லத் தெரியாமல் போகலாம் அல்லவா? சாட்சிகளோ, அவரவர் வசதிப்படி முன்பின்னாகத்தான் கூண்டில் ஏறுகிறார்கள்.

ஜூரர்கள் கூடிப் பேசும் அறையைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன்; நேரம் நெருங்கிவிட்டது. முதல் வாக்கெடுப்பில் பெரும்பான்மை எந்தப் பக்கமோ, இறுதித் தீர்ப்பும் பெரும்பாலும் அந்தப் பக்கமே என்று ஹாரி கால்வென், ஹான்ஸ் ஸைஸல் என்ற சிகாகோ பேராசிரியர்கள் 1966-இலேயே எழுதினார்கள். தனித்து நிற்கும் ஓரிருவரை மற்றவர்கள் எவ்வாறு தம் வழிக்குக் கொண்டுவருகிறார்கள் என்பதைத் தனி உரையாகத்தான் பேச வேண்டும். வணக்கம்.