கம்முனு கெட!

நடுவர் அவர்களே, நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

மனோரமா ஆச்சி நம் மனத்தில் நிற்பது சிரிக்க வைத்ததாலா, அழ வைத்ததாலா? எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி 'புதிய பாதை'யைச் சொல்லி மண்டபத்தையே கலங்கடித்துவிட்டார். நானும் முந்தானையைத் தேடினேன், மறைப்பானேன்? தேசிய விருது வாங்கித் தந்த படமாச்சே. ஆனால் அது 1989. ஆச்சி 'மாலையிட்ட மங்கை'யில் சிரிப்பு வேடத்தில் வந்தது 1958. இடையில் முப்பது வருஷம் சனம் எதற்காகத் தம்பி அவரைப் பார்த்தது? அழுவதற்கா?

1963இல் 'கொஞ்சும் குமரி'யில் அவர் கதாநாயகியாகவே நடித்தார். பார்த்தவர்கள் கை தூக்குங்கள். அதோ, பின்வரிசையில் ஒரு தாத்தா. வாழ்க தாத்தா! ஆயிரம் படங்களைத் தாண்டிய கணக்கு அந்தக் கதாநாயகி சேர்த்ததில்லை, நம் சிரிப்புக்காரி சேர்த்தது.

1968ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'தில்லானா மோகனாம்பா'ளில் ஜில்ஜில் ரமாமணி. நாதஸ்வரத்தில் கரை கண்டவரிடம் போய், உங்கள் நாயனத்தில்தான் இந்தச் சத்தம் வருமா என்கிற மாதிரி அப்பாவியாகக் கேட்பாள். நாடகக்காரியின் குழைவு, 'ங்க' போட்ட மரியாதை. அதே வருஷம் 'பொம்மலாட்ட'த்தில் 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' என்று அசல் மெட்ராஸ் பாஷையில் அவரே பாடுகிறார். ஒரே வாய்தான்!

இது நம் ரப்பர் தோட்டத்துச் சனத்துக்கு ஏன் அவ்வளவு ஒட்டியது? ஒரே லயத்து வரிசை வீடுகளில் சேலத்துக்காரர் ஒரு கதவு, தஞ்சாவூர்க்காரர் அடுத்த கதவு. ஆளுக்கொரு தமிழ். ஆச்சி எந்த ஊர்ப் பேச்சைப் பேசினாலும், அடுத்த வீட்டு அக்கா பேசுகிற மாதிரி இருந்தது.

அப்புறம் 1986, 'சம்சாரம் அது மின்சாரம்'. கண்ணம்மா அந்த வீட்டு வேலைக்காரி. எதிரே நிற்பவரோ சம்பந்தி, வசதியான மனிதர். அவரை வார்த்தையாலேயே மடக்கிப் போடுவாளே, நடுநடுவே அந்தக் 'கம்முனு கெட'! எங்கள் தோட்டத்தில் வீடியோ பெட்டி இருந்தது ஒரே வீட்டில்தான். வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, அந்த இடம் வந்தால் டேப்பைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்வார்கள். டேப்பே தேய்ந்து, படத்தில் கோடு விழுந்துவிட்டது.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனால், மரத்தில் மாட்டிய கிண்ணத்திலிருந்து மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு வர மத்தியானம் ஆகிவிடும். ஒருநாள் பால் நிறுக்கையில், கணக்கு எழுதும் கிராணி எடையைக் குறைத்து எழுதினார். பாட்டி கேட்டார். கிராணி சத்தம் போட்டார். வழக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு போகிற என் பாட்டி, வாளியைக் கீழே வைத்தார். இடுப்பில் கை வைத்தார். ஆச்சி குரலிலேயே, "நீ கம்முனு கெட!"

வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். கிராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி நிறுத்தார். எடை சரியாக வந்தது!

அதே பாட்டி அழுது கேட்டுப் பார்த்த நாட்களும் உண்டு தம்பி. அன்றைக்கெல்லாம் தராசு அசைந்ததே இல்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் பேசினால் அவரே அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிடுவார். நன்றி, வணக்கம்!