ஒரே வெட்டு, இரு நோய்கள்

அவையோருக்கு வணக்கம்.

நரம்பு முனையில், செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள்களான நரம்புக் கடத்திகளை நிரப்பிக்கொண்டு காத்திருக்கும் நுண்பை ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 40 நானோமீட்டர். அது செல்சவ்வோடு இணைந்து தன் சரக்கைக் கொட்டினால்தான் தசை அசையும். கொழுப்பாலான இரு சவ்வுகள் நெருங்கினால் தாமாகவே ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றலாம். ஆனால் அவற்றின் மேற்பரப்பைப் பற்றியிருக்கும் நீரும் மின்னேற்றமும் அவற்றை விலக்கியே வைக்கின்றன. அந்த விலக்கத்தை வெல்லும் விசையைத் தருபவை ஸ்நேர் புரதங்கள்.

1993-இல் உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் ராத்மனின் குழுவினர், தாங்கள் முன்பே பிரித்தெடுத்திருந்த என்.எஸ்.எஃப். என்னும் புரதத்தைத் தூண்டிலாக்கி, மாட்டு மூளையிலிருந்து மூன்று புரதங்களைப் பிடித்தார்கள். நுண்பையில் பதிந்திருக்கும் சினாப்டோபிரெவின், செல்சவ்வில் இருக்கும் சின்டாக்சின், ஸ்நாப்-25 ஆகிய இம்மூன்றுமே அந்த ஸ்நேர் புரதங்கள்; தனித்தனியே முன்பே அறியப்பட்டவைதாம். ஆனால் அவை ஒரே தொகுதியாகச் சேர்ந்திருந்ததுதான் செய்தி. சவ்விலிருந்து தொலைவான முனையில் தொடங்கி, ஜிப்பை இழுத்து மூடுவதுபோல், அவை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டே வந்து இரு சவ்வுகளையும் நெருக்குகின்றன. இணைப்பு முடிந்தபின் அந்த முறுக்கைப் பிரிக்கவே என்.எஸ்.எஃப்., செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவிடுகிறது. வேலை நடக்கும்போது அன்றி, அடுத்த வேலைக்கு ஆயத்தமாகும்போது செல் விலை கொடுக்கிறது என்பதே எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கால்சியம் நுழைந்ததும் இணைப்பைத் தூண்டுவது சினாப்டோடாக்மின் என்னும் புரதம். அதை நிறுவிய தாமஸ் சூடாஃப், ஈஸ்ட்டில் நுண்பைகளின் போக்குவரத்துக்கான மரபணுக்களைக் கண்டறிந்த ராண்டி ஷெக்மன் ஆகியோருடன் ராத்மனும் 2013-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஸ்நேர் புரதங்களின் இன்றியமையாமையை, ராத்மனின் 1993 கண்டுபிடிப்புக்கு ஓராண்டு முன்பே காட்டியவை இரண்டு நச்சுகள். ரண ஜன்னியை உண்டாக்கும் டெட்டனஸ் நச்சும், பாட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் பி வகை பாட்டுலினம் நச்சும் சினாப்டோபிரெவினை வெட்டுகின்றன என்பதை இத்தாலியின் பதுவாவில் மொன்டெகுக்கோவின் குழுவினர் 1992-இல் கண்டறிந்தார்கள். வெட்டும் இடமும் ஒன்றே: 76-ஆவது அமினோ அமிலமான குளூட்டமினுக்கும் 77-ஆவதான பினைல்அலனினுக்கும் இடையிலுள்ள பிணைப்பு. ஆயினும் டெட்டனஸில் உடல் வில்லாய் விறைக்கிறது. பாட்டுலிசத்தில் தசைகள் துவண்டு விழுகின்றன.

காரணம் வெட்டில் இல்லை, நச்சு பயணிக்கும் வழியில் இருக்கிறது. பாட்டுலினம், தசையைத் தொடும் நரம்பு முனையிலேயே தங்கி, தசையை இயக்கும் அசிட்டைல்கோலின் வெளியேறுவதைத் தடுக்கிறது. டெட்டனஸோ அதே நரம்புக்குள் நுழைந்து, அந்நரம்பின் சொந்தப் போக்குவரத்திலேயே ஏறித் தண்டுவடம் வரை சென்று, அங்கே தசையை அடக்கிவைக்கும் நரம்புகளுக்குள் புகுந்து, அவற்றிலிருந்து அடக்கும் கடத்திகளான கிளைசினும் காபாவும் வெளிவராமல் செய்கிறது. அடக்குவார் இல்லாத தசை இறுகுகிறது.

மருத்துவத்தின் எல்லையையும் இதுவே வகுக்கிறது. டெட்டனஸுக்குக் கொடுக்கப்படும் எதிர்ப்பொருள், இன்னும் நரம்புக்குள் நுழையாத நச்சை மட்டுமே செயலிழக்கச் செய்யும்; உள்ளே போய்விட்டதை அது தொட முடியாது. அதனால்தான், நச்சின் வேலை ஓய்ந்து நரம்பு மீளும்வரை, நோயாளியின் மூச்சைத் தாங்கிப்பிடித்தபடி மருத்துவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது.