ஒரே படிகம்: புரோட்டானையும் கடத்தும், தண்ணில இருக்கிற ஆன்டிபயாட்டிக்கையும் காட்டும்

(திரையில்: ஹைதராபாத் பக்கம் பட்டான்செரு, மேப்)

மருந்து கம்பெனிகளோட கழிவுநீர சுத்திகரிக்கிற பிளான்ட் ஒண்ணு இங்க இருக்கு. அது சுத்தம் பண்ணி வெளிய விட்ட தண்ணிய ஸ்வீடன் விஞ்ஞானி லார்சனோட டீம் டெஸ்ட் பண்ணி 2007ல ரிசல்ட் போட்டாங்க. லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாட்டிக்! அந்த மாத்திரைய சாப்பிடுற நோயாளி ரத்தத்துல கூட இவ்ளோ இருக்காதுங்க. அந்த தண்ணிலயே கிடக்கிற பாக்டீரியா மருந்துக்கு அசராம போயிடும், அதான் பயமே.

இத அளக்க பெரிய லேப், காஸ்ட்லி மெஷின்லாம் வேணும். அதனாலதான், ஒளி மங்குறத வச்சே மருந்த காட்டிக் குடுக்கிற கோஆர்டினேஷன் பாலிமர் மேல இவ்ளோ ஆர்வம். ஜிங்க், காட்மியம் மாதிரி உலோக அயனிகள ஆர்கானிக் மூலக்கூறால ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டே போனா வர்ற படிகம் இது, இதுல உள்ள காலி இடம் இருக்கிற வகைதான் எம்ஓஎஃப், 2025 கெமிஸ்ட்ரி நோபல் கிடகாவா, ராப்சன், யாகி மூணு பேருக்கும் கிடைச்சது இதுக்குத்தான்.

(திரையில்: யூவி லைட்டுல நீலமா ஒளிர்ற குப்பி)

படிகத்த பொடியாக்கி தண்ணில கலக்கி யூவி அடிச்சா ஒளிருது பாருங்க. இப்ப நைட்ரோஃப்யூரசோன்ங்கிற ஆன்டிபயாட்டிக்க கொஞ்சம் கொஞ்சமா விடுறோம், ஒளி மங்கிட்டே வருது. ஏன்னா படிகத்துக்குப் போக வேண்டிய யூவிய அந்த மருந்தே பாதி உறிஞ்சிடுது, அதோட படிகத்துல கிளர்ச்சியான எலக்ட்ரானையும் மருந்தோட நைட்ரோ குரூப் இழுத்துக்குது. எவ்ளோ மங்குச்சோ அத வச்சு எவ்ளோ மருந்துன்னு கணக்கு போடலாம்.

ஆனா இரும்பு அயனி, குரோமேட் இருந்தாலும் நிறைய படிகங்கள்ல இதே மாதிரி மங்கும். அதனால டிஸ்டில்டு வாட்டர்ல மட்டும் காட்டின ரிசல்ட்ட நான் பெருசா எடுத்துக்க மாட்டேன், குளத்து தண்ணில காட்டணும்.

சரி, புரோட்டான் எங்க வருது? ஹைட்ரஜன்ல இருந்து கரண்ட் எடுக்கிற ஃப்யூவல் செல்லுக்கு புரோட்டான, அதாவது ஹைட்ரஜன் அயனிய, கடத்துற சவ்வு வேணும். இப்ப இருக்கிற நாஃபியான்ங்கிற பிளாஸ்டிக் சவ்வு 100 டிகிரி தாண்டினா காய்ஞ்சு போய் கடத்துறது குறைஞ்சிடும். நம்ம படிகத்துல தண்ணி மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புல வரிசையா நிக்கும். கட்டட வேலையில செங்கல்ல கை மாத்தி கை மாத்தி அனுப்புற மாதிரி, தண்ணி நின்ன இடத்துலயே நிக்க புரோட்டான் மட்டும் தாவித் தாவிப் போகும். 1806லயே க்ரோட்டஸ்ங்கிற விஞ்ஞானி சொன்ன வழி இது. எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, படிகம்ங்கிறதால எந்த தண்ணி மூலக்கூறு எங்க நிக்குதுன்னு எக்ஸ்ரேல பாக்கலாம், புரோட்டான் எந்த வழியா போகும்னு படம் போட்டே காட்டலாம்.

ரெண்டு வேலைக்கும் படிகம் தண்ணில கரையாம உடையாம நிக்கணும். பேர் பெற்ற எம்ஓஎஃப்-5 ஈரக் காத்து பட்டாலே சிதைஞ்சிடும். அதனால இந்த டாபிக்ல எம்எஸ்சி ப்ராஜெக்ட் பண்றவங்க, பொடிய சில நாள் தண்ணில ஊற வச்சு எக்ஸ்ஆர்டி (படிக அமைப்ப காட்டுற எக்ஸ்ரே டெஸ்ட்) எடுத்து, ஊறறதுக்கு முன்னாடி எடுத்த பேட்டர்னோட ஒத்துப் போகுதான்னு பாத்துட்டு மத்த வேலைய ஆரம்பிங்க.