நீண்ட ட்ரைவ்வேக்கு எந்த ஸ்நோ ப்ளோவர்?

வணக்கம் நேயர்களே. ஒக்டோபர் பிறந்துவிட்டால் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணை, ஸ்காபரோ வீட்டை வித்துப்போட்டு ஒறிலியாப் பக்கம் வாங்கியிருக்கிறம். தெருவிலிருந்து கராச்சுக்குப் போகிற ட்ரைவ்வே சரியான நீளம். பனியை அள்ளி எறிய என்ன மெசின் வாங்குகிறது?" ரொறன்ரோவுக்கு வெளியே வாங்குகிற ஊரின் பெயர்தான் மாறும். பரி என்பார்கள், பீற்றர்பரோ என்பார்கள். சின்ன எஞ்சின் திருத்துகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். வானொலி நிலையத்தாரும் அதைப் பற்றியே பேசச் சொன்னார்கள்.

நகரத்துக்குள் இரண்டு கார் நிற்கிற இடத்துக்குச் கையால் அள்ளுகிற சவளே போதும். ஹியூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவுக்குக் கிட்டப் போனால் கதை வேறு. ஏரி உறையுமுன் குளிர் காற்று அதைக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் கொட்டும். 2024 நவம்பர் கடைசியில் கிரேவன்ஹேர்ஸ்ற் பக்கம் சில நாட்களுக்குள் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டியது. 11ஆம் நெடுஞ்சாலையையே மூடினார்கள். ரொறன்ரோவில் 1999 ஜனவரியில் மேயர் மெல் லாஸ்ட்மன் பனி அள்ள இராணுவத்தைக் கூப்பிட்டதை மற்ற மாகாணத்தார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த மாதம் இங்கே இருந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

சரி, ஒரு கணக்குப் பார்ப்போம். ட்ரைவ்வே 60 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம் என்று வையுங்கள். 20 சென்ரிமீற்றர் பனி விழுகிறது. இலேசான புதுப் பனியே ஒரு கன மீற்றருக்கு 100 கிலோ அளவில் வரும். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 5 தொன். ஈரப் பனி என்றால் இரண்டு மூன்று மடங்கு. இதை வேலைக்குப் போகமுன் சவளால் அள்ளுவதா? கடும் பனி பெய்ததற்கு அடுத்த நாள் ஆண்களுக்கு மாரடைப்புக் கூடுகிறது என்று கியூபெக் ஆய்வாளர்கள் 2017இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் எழுதியிருக்கிறார்கள். அதனால் மெசின் வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த மெசின் என்பதில்தான் எல்லாரும் இடறுகிறார்கள்.

எல்லாரும் நீளத்தைச் சொல்வார்கள். நான் கேட்பது ட்ரைவ்வே தெருவைத் தொடுகிற அந்த மூன்று மீற்றரைப் பற்றி. நீளம் கூடினால் நேரம் கூடும், அவ்வளவுதான். எந்தப் பெற்றோல் மெசினும் ஆறுதலாக நடந்து முடித்துவிடும். வாசலில் கிடக்கிற குவியல் அப்படியல்ல. நீங்கள் எல்லாம் துப்புரவாக்கிவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைப்பீர்கள். அப்போதுதான் தெருவைத் துப்புரவாக்குகிற ப்ளவ் வண்டி வந்து, தெருப் பனி முழுவதையும் உங்கள் வாசலில் வரம்பு கட்டிவிட்டுப் போகும். அது பஞ்சுப் பனி இல்லை. உப்பும் சேறும் ஐஸ் கட்டியும் சேர்ந்து இறுகியது. காலையில் விட்டுவிட்டுப் போனால் பின்னேரம் கல்லாகிவிடும். சில மாநகரசபைகள் இதைத் தாங்களே அகற்றித் தருகின்றன. நாட்டுப்புறத்தில் அதை எதிர்பார்க்க முடியாது.

இந்த வரம்பைத் தின்னக்கூடிய மெசின்தான் உங்களுக்கு வேண்டியது. அதை வெட்டுகிற மெசின் 60 மீற்றரையும் வெட்டும், 100 மீற்றரையும் வெட்டும்.

கடைக்காரர் மெசின் வாயின் அகலத்தைக் காட்டுவார். 30 அங்குலம், பெரிய ட்ரைவ்வேக்குப் பெரிய மெசின் என்பார். நான் சொன்ன 4 மீற்றர் அகலத்துக்கு 24 அங்குல மெசின் ஏழு ஓட்டம் ஓட வேண்டும், 30 அங்குலம் ஆறு ஓட்டம். ஒரு ஓட்டம்தான் மிச்சம். இரண்டு மூன்று நிமிடம். அதற்காகக் கூடுதல் பாரமும் கராச்சில் கூடுதல் இடமும் ஏன்? அதே காசுக்கு அகலம் குறைந்த, எஞ்சின் பலமான மெசினை எடுங்கள். 24 அங்குலத்துக்கு 200 சிசிக்கு மேல், 28க்கு 250, 30க்கு 300 என்பது என் கணக்கு. அகலத்தைக் கூட்டி எஞ்சினைக் குறைத்து விற்பார்கள், கவனம். தெரு வரம்பில் போய் முட்டியதும் எஞ்சின் மூச்சுத் திணறும்.

இன்னொன்று, கட்டாயம் இரட்டைக் கட்ட மெசினாக இருக்க வேண்டும். ஒற்றைக் கட்டத்தில் ரப்பர் பூட்டிய ஒரே உருளைதான் நிலத்தை உரசிக்கொண்டு அள்ளுவதும் எறிவதும். தார் போட்ட குட்டி ட்ரைவ்வேக்கு அது அருமை. கல்லுப் பரவின இடத்தில் ஓட்டினால் பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்குக் கணக்குத் தீர்க்க வேண்டி வரும். இரட்டைக் கட்டத்தில் முன்னால் உள்ள திருகு, ஓகர் என்பார்கள், பனியை உடைத்து இழுக்கும். பின்னால் உள்ள விசிறி தூக்கி எறியும். பக்கத்தில் உள்ள இரும்புக் கட்டைகளைச் சற்று இறக்கிப் பூட்டினால் வாய் நிலத்தைத் தொடாது, கல்லும் ஏறாது. மூன்று கட்டம் என்றும் விற்கிறார்கள். அதற்குக் காசு கூட்ட நான் சொல்ல மாட்டேன். பற்றறி மெசின் சத்தமில்லாதது, நல்லதுதான். ஆனால் குளிரில் பற்றறி சீக்கிரம் இறங்கும். நீண்ட ட்ரைவ்வேயில் நடுவழியில் நின்றால் என்ன செய்வீர்கள்?

அந்த ஓகரில்தான் எனக்குப் பிரியமான சாமான் இருக்கிறது. ஷியர் பின். வீட்டில் நான் இதைப் பற்றித் தொடங்கினால் பிள்ளைகள் எழும்பிப் போய்விடுவார்கள். நீங்கள் வானொலியை நிறுத்தாமல் கேளுங்கள்.

சுண்டுவிரல் நீளம், நடுவில் ஒரு சின்னப் பள்ளம். பார்த்தால் மலிவுச் சாமான்தான், சில டொலர்தான். ஓகரின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தண்டோடு பிணைப்பது இது. பனிக்குள் என்ன புதைந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய விளம்பரக் கட்டு, நத்தார் விளக்கு வயர், பிள்ளையின் ஹொக்கி பந்து, வாசல் மிதியடி. இதெல்லாம் நான் இழுத்து எடுத்த சாமான்கள். திருகு அதைக் கவ்வி இறுகும்போது இந்தப் பின் பள்ளத்தில் முறியும். முறிய வேண்டும் என்றே செய்தது. அந்தப் பக்க ஓகர் நிற்கும், கியர் பெட்டி தப்பும். புதுப் பின் ஒன்றைப் போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி வேலை.

நம்மாட்கள் என்ன செய்கிறார்கள்? கையில் பின் இல்லை, இரவு, குளிர். கராச்சில் கிடந்த நல்ல உருக்குப் போல்ட்டைப் போட்டு இறுக்கிவிடுவார்கள். "அண்ணை, இனி முறியவே முறியாது" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். முறியவில்லைதான். மாசி மாதம் மெசினை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கியர் பெட்டியின் அலுமினிய ஓடு நீளத்துக்கு வெடித்து, கிறீஸ் வழிந்து, உள்ளே பற்கள் பொடியாகிக் கிடந்தன. போல்ட் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது! அந்தப் பெட்டியின் விலைக்கு வாழ்நாள் முழுக்கப் பின் வாங்கியிருக்கலாம். மெசின் வாங்குகிற அன்றே, உங்கள் மொடலுக்கு உரிய பின் ஐந்தாறு சேர்த்து வாங்கிக் கைபிடியில் ஒரு சின்னப் பையில் கட்டித் தொங்கவிடுங்கள். திரும்பச் சொல்கிறேன், அந்த மொடலுக்கு உரிய பின். கடையில் கேட்கும்போது, கியர் பெட்டி வார்ப்பிரும்பா அலுமினியமா என்றும் கேளுங்கள்.

கைவிரல் விஷயம் ஒன்று. ஈரப் பனி, பனியை வெளியே எறியும் குழாயில் அடைக்கும். எஞ்சினை நிறுத்துங்கள், சாவியை எடுங்கள், விசிறி நிற்கும்வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் கையை விடாதீர்கள். எஞ்சின் நின்றாலும் இறுகி நின்ற விசிறி, அடைப்பு விலகியதும் ஒரு தரம் துள்ளும். மெசினோடு ஒரு பிளாஸ்டிக் அகப்பை வருகிறதே, அதற்காகத்தான். கராச் கதவைப் பூட்டிக்கொண்டு எஞ்சினை ஸ்ராற் பண்ணவும் வேண்டாம், நச்சுப் புகை.

எறிகிற இடத்தையும் இப்போதே யோசியுங்கள். மார்கழியில் சோம்பலாக ஒடுக்கமாக வெட்டினால், மாசியில் இரு பக்கமும் சுவர் எழும்பி கார் கதவு திறக்க முடியாது. முதல் பனியிலேயே அரை மீற்றர் கூடுதல் அகலமாக வெட்டி, காற்று போகிற பக்கம் எறியுங்கள். தெருவில் தள்ளக் கூடாது, ஒன்ராறியோ வீதிச் சட்டம் அனுமதியில்லாமல் அதை விடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி, இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார். பழைய மெசின் வாங்குவதைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக் கரண்டில் ஸ்ராற் ஆகிற மெசினானாலும் கயிற்றை இழுத்தும் ஸ்ராற் பண்ணிப் பாருங்கள், கரண்ட் போன இரவில் அதுதான் உதவும். போகமுன் விற்பவரிடம், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்ராற் ஆகாததை மறைக்கிறார் என்று நினையுங்கள். சித்திரையில் பெற்றோலை வற்ற ஓடவிட்டு வையுங்கள், காபுரேற்றர் பிசின் பிடிக்காது. ஒயில் 5டபிள்யூ-30. மிச்சத்தைக் கேட்க நிலையத்துக்கு எடுங்கள், எனக்குச் சொல்வார்கள். நன்றி, வணக்கம்.