மவுண்டன் பைக் அந்தந்த மண்ணுக்கென்று வடிவமைக்கப்பட வேண்டுமா?

[காட்சி: சேறு அப்பிய பின்சக்கரம், மிக அருகில்]

இந்தப் பின்சக்கரத்தைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக்கூட இடமில்லை. காய்ந்த தரையில் இது ஒரு குறையே அல்ல. ஆனால் களிமண் பாதையில் இறங்கிய சிறிது நேரத்திலேயே, டயர் அள்ளிவரும் சேறு அந்த இடுக்கில் அடைத்துக்கொள்கிறது. அதில் சிக்கிய மணலும் பொடிக்கல்லும், சக்கரம் சுற்றச் சுற்ற உப்புத்தாளைப் போலத் தேய்த்து, முதலில் வண்ணப்பூச்சையும் பிறகு அதற்கடியில் உள்ள கார்பன் இழைகளையும் அரிக்கத் தொடங்குகின்றன. ஐஎஸ்ஓ 4210 என்னும் சர்வதேசப் பாதுகாப்பு விதி இந்த இடத்தில் கேட்பது 6 மில்லிமீட்டர் இடைவெளி மட்டுமே. சக்கரம் தடையின்றிச் சுழல அது போதும். சேறு வெளியேற அது போதாது.

[காட்சி: வறண்ட மலைச்சரிவு, எழும் புழுதி]

மவுண்டன் பைக் தொடக்கத்தில் ஒரே ஒரு மலைக்கான வண்டியாகவே இருந்தது. கலிஃபோர்னியாவின் மாரின் பகுதியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊரை ஒட்டிய சரிவில், 1976ஆம் ஆண்டு இளைஞர்கள் சிலர் தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களை வைத்துப் பந்தயம் நடத்தினார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அவற்றில் இருந்தது. ஒருமுறை கீழே இறங்குவதற்குள் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் சூடேறி உள்ளிருந்த கிரீஸ் புகைந்துபோகும் என்பதால், மறுபடியும் கிரீஸ் அடைத்த பிறகே அடுத்த ஓட்டம். அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’, அதாவது ‘மீண்டும் அடைத்தல்’, என்று பெயர் வந்ததும் அதனால்தான். அடுத்த ஆண்டே ஜோ பிரீஸ் என்பவர் இத்தகைய சரிவுகளுக்கென்றே புதிதாக ஒரு ஃபிரேமைக் கட்டினார். பிற்பாடு உலகெங்கும் விற்பனைக்குப் போன மவுண்டன் பைக்கின் மூதாதை, புழுதியையும் வெயிலையும் அறிந்த வண்டி. அடைமழை அதற்கு அந்நியம்.

பிற நிலங்கள் தங்களுக்கு வேண்டிய மாற்றங்களைத் தாங்களே செய்துகொண்டன. கனடாவின் வான்கூவருக்கு வடக்கே, ஈரமான மரவேர்களும் செங்குத்தான இறக்கங்களும் நிறைந்த காடுகளில் வலுவான ஃபிரேம்களும் நீண்ட சஸ்பென்ஷனும் தேவைப்பட்டன. அலாஸ்காவில் பனிமீது புதையாமல் ஓட்டுவதற்கான முயற்சிகளிலிருந்து, ஏறத்தாழ 4 அங்குல அகல டயர் கொண்ட ‘ஃபேட் பைக்’ உருவானது.

[காட்சி: இரண்டு ஃபிரேம்களின் கோட்டோவியம், ஒன்றன்மேல் ஒன்று]

அப்படியானால் இன்றும் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு ஃபிரேம் தேவையா? என் கணிப்பில், பாதையைப் பொறுத்தவரை பெரும்பாலும் தேவையில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் தரையோடு செய்யும் கோணம் 1990களில் 71 பாகையை ஒட்டி இருந்தது. ஏற்றம், இறக்கம் இரண்டுக்குமான இன்றைய டிரெயில் பைக்குகளில் அது 65 பாகையைச் சுற்றி வந்து நிற்கிறது. இந்த வடிவம் பாறையிலும் வேரிலும் செம்மண்ணிலும் ஒருபோலத் தாக்குப்பிடிக்கிறது. எஞ்சிய வேறுபாட்டை டயரும் பிரேக் பேடும் பார்த்துக்கொள்ளும். சேற்றுக்கு உயரமான, இடைவெளி விட்ட புடைப்புகள் உள்ள டயர். நெருஞ்சி முள் நிறைந்த வறண்ட நிலத்துக்கு, துளை விழுந்த உடனே அடைக்கும் திரவம் ஊற்றிய டியூப் இல்லாத டயர். குளிருக்கும் பெரிய மாற்றம் எதுவும் வேண்டியதில்லை: 20 டிகிரி செல்சியஸில் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று நிரப்பிய ஃபோர்க், வெப்பநிலை 0 டிகிரிக்கு இறங்கும்போது ஏறக்குறைய 73 பிஎஸ்ஐ மட்டுமே காட்டும், ஒரு கை பம்ப் அதைச் சரிசெய்துவிடும்.

[காட்சி: ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமுக்குள் நுழையும் கேபிள்கள்]

ஃபிரேமை வரையும் மேசையிலேயே தீர்க்க வேண்டிய சிக்கல் தண்ணீர்தான். கேபிள்களை வெளியே தெரியாமல் மறைப்பதற்காக, ஹேண்டில்பாரின் கீழுள்ள மேல் பேரிங்கின் வழியே அவற்றை உள்ளே செலுத்தும் முறை இப்போது பரவியிருக்கிறது. பார்வைக்கு அழகு என்பதைத் தவிர ஓட்டுபவருக்கு இதனால் என்ன பயன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேபிள் போகும் வழியில் தண்ணீரும் போகிறது. வறண்ட நாட்டில் பல ஆண்டுகள் உழைக்கும் அந்த பேரிங், ஓயாத மழையில் சீக்கிரமே துருப்பிடித்து இறுகுகிறது. பல வண்டிகளில் அதை மாற்றுவதற்குப் பிரேக் குழாயைக் கழற்றி, புதிதாக எண்ணெய் நிரப்பி, காற்றுக்குமிழிகளை வெளியேற்ற வேண்டியிருக்கிறது.

கார்பன் ஃபிரேமின் ஒவ்வோர் அளவுக்கும் விலையுயர்ந்த தனி அச்சு தேவை என்பதால், நாட்டுக்கொரு வடிவம் செய்யப் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது. உலோகக் குழாய்களைப் பற்றவைத்துக் கட்டும் சிறிய பட்டறைகளுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் அலுமினிய ஃபிரேம்களைச் செய்துவந்த ஆரஞ்சு நிறுவனம், பின்பகுதி ஒரே மூட்டில் அசையும் எளிய அமைப்பால் பெயர்பெற்றது. மூட்டுகள் குறைந்தால், சேறு புகுந்து கெடுக்கும் பேரிங்குகளும் குறைவுதானே.

எல்லோருக்கும் ஒரே ஃபிரேம்தான் என்றால், அதை மழை ஓயாத நிலத்தை மனத்தில் வைத்து வரைவதே நியாயம். உள்ளே புகுந்த தண்ணீர் வடிய ஃபிரேமின் அடியில் விடும் துளை வறண்ட நாட்டில் யாரையும் தொந்தரவு செய்யாது. டயரைச் சுற்றிய கூடுதல் இடைவெளிக்கு மட்டும் ஒரு விலை உண்டு: பின்சக்கரம் சற்றுத் தள்ளிப்போகும், இறுக்கமான வளைவுகளில் வண்டி திரும்பக் கொஞ்சம் தயங்கும்.

[காட்சி: தலைகீழாக நிறுத்திய வண்டி]

அடுத்தமுறை ஒரு மவுண்டன் பைக்கை வாங்கப் போகும்போது, அதைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தச் சொல்லுங்கள். பெடல்களை இணைக்கும் அச்சு பொருந்தும் ஃபிரேம் பகுதியின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளையாவது இருக்கிறதா, பின்டயரின் இருபுறமும் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். அந்த வண்டியை வரைந்தவர் மழையை நினைத்தாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.