ஒரே கோலில் அளப்போம்

அவைத்தலைவர் அவர்களே, அருமையான வாழ்த்துரை வழங்கிய துணைவேந்தர் அவர்களே, அலுவல்களுக்கிடையே வந்திருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம். மூன்று செய்திகள் பேச வந்தேன்: வெவ்வேறு குழுக்கள் எழுதும் வெவ்வேறு தேர்வுத் தாள்களின் அளவுகோல்களை ஏன் இணைக்கிறோம், எப்படி இணைக்கிறோம், அதை யாருக்குச் சொல்கிறோம்.

‘அளக்கிற நாழி அகவிலை அறியுமா?’ என்பார்கள். தேர்வுகளைக் கணிக்கும் நம் மென்பொருளும் அறியாது. டென்மார்க் கணிதவியலாளர் ஜார்ஜ் ராஷ் 1960இல் வெளியிட்ட, மாணவர் திறனையும் வினாவின் கடினத்தையும் ஒரே கோலில் வைக்கும் கணித மாதிரியை வைத்து வினாக்களின் கடினத்தைக் கணிக்கும்போது, எழுதிய குழுவின் சராசரித் திறனைப் பூஜ்யமாக வைப்பது ஒரு வழக்கம். இரண்டு குழுக்கள் என்றால் இரண்டு பூஜ்யங்கள். எந்தக் குழு கெட்டிக்காரக் குழு?

அதைச் சொல்லத்தான் பொது வினாக்கள். இரு தாளிலும் வந்த வினாக்களின் சராசரிக் கடினம் முதல் கணிப்பில் 0.2 லாஜிட், இரண்டாவதில் -0.3 என்று வையுங்கள். லாஜிட் என்பது இந்தக் கோலின் அலகு; எண் குறைந்தால் வினா எளிது. வினாக்கள் அவையேதான், ஆனால் எளிதாகத் தெரிகின்றன என்றால் இரண்டாம் குழு வலுவானது. 0.5ஐக் கூட்டினால் இரண்டாம் தாளின் எல்லா வினாவும் முதல் கோலுக்கு வந்துவிடும். பாகுபடுத்தும் திறனையும், அதாவது திறன் மிகுந்தவரையும் குறைந்தவரையும் ஒரு வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதையும், கணிக்கும் மாதிரிகளில் பெருக்கலும் வேண்டும். அதற்கு ஸ்டாக்கிங், லார்ட் என்ற ஆய்வாளர்கள் 1983இல் ஒரு வழி தந்தார்கள்.

இந்த இணைப்பு எப்படிப் பிசகும் என்பதற்கு ஒரு சம்பவம். வரைபடம் பார்த்து விடையளிக்கும் பொது வினா ஒன்று. முதல் தாளில் மூன்றாவது வினா. இரண்டாவதில் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. ஒரு சொல் மாறவில்லை, படமும் மாறவில்லை. கடினம் மட்டும் ஒரேயடியாக எகிறியிருந்தது! ஒருவர் அச்சுப்பிழை தேடுகிறார். இன்னொருவர் விடைக்குறிப்பைச் சரிபார்க்கிறார். மூன்றாமவர், பிள்ளைகளுக்கு வரைபடமே மறந்துவிட்டது என்கிறார். விடைத்தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர்தான், ‘‘ஐயா, பல பேர் இந்தப் பக்கத்துக்கே வந்து சேரலை. எல்லாம் வெறுமையா இருக்கு’’ என்றார். நேரம் தீர்ந்திருக்கிறது! பத்துப் பொது வினாக்களில் ஒன்று இப்படி ஒரு லாஜிட் பிசகினால், இணைப்பு 0.1 நகர்ந்து, இரண்டாம் தாள் எழுதிய அத்தனை பேரின் மதிப்பீடும் அவ்வளவு குறையும்.

அந்த வினாவைப் பொது வினாப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். சரியான முடிவு. ஆனால் நீக்கியது எழுதிய பிள்ளைகளுக்குத் தெரியுமா? ஒரு வரிகூட வெளியே வரவில்லை. இதற்காகத்தான் மேடை மேடையாகக் கேட்டு வருகிறேன். அளக்கிற நாழி அகவிலை அறியாது. அளக்கிறவர்தான் சொல்ல வேண்டும். எத்தனை பொது வினாக்கள், எவற்றை எதற்காக நீக்கினீர்கள், எவ்வளவு கூட்டினீர்கள் என்பதை முடிவுகளோடு அதே நாளில் வெளியிடுங்கள். வினாவை வெளியிட வேண்டாம், அது மறுபடி பயன்படும். எண்ணையும் காரணத்தையும் வெளியிட என்ன தடை?

துணைவேந்தர் அவர்கள் இதைத் தீர்மானமாக முன்மொழிய வேண்டும், கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள் வழிமொழிய வேண்டும் என்று இந்த அவையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.