தலைக்காவிரியில் துப்பாக்கி, கடைமடையில் கம்பு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும்போதெல்லாம் நம் டீக்கடைகளில் ஒரே கேள்விதான்: ‘இத்தனை உயிர் போன பிறகும் ஏன் துப்பாக்கியை விடமாட்டேன் என்கிறார்கள்?’ அங்கே அது 1791-லேயே அரசியலமைப்பில் எழுதிவைத்த உரிமை. இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அரசு பார்த்துக் கொடுக்கும் உரிமம்.

ஆனால் இந்த வேறுபாட்டைக் காண கடல் தாண்ட வேண்டாம். நம் காவிரியை எதிர்த்துக் குடகு வரை போனால் போதும். அந்த மண்ணின் மக்களான கொடவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் வாங்குவதிலிருந்து வெள்ளைக்காரர் காலந்தொட்டே விலக்கு உண்டு. 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். நடவு முடிந்து செப்டம்பர் தொடக்கத்தில் கைல்போது என்று ஒரு திருநாள். துப்பாக்கியைத் துடைத்து, விளக்கின் முன் சாத்தி, சந்தனம் இட்டு, குழல் வாயில் ஒரு பூவைச் செருகுவார்கள். என்ன பூ தெரியுமா? செங்காந்தள்! வேதாரண்யம் பக்கம் வேலியில் படர்ந்து கிடக்குமே, நம் மாநில மலர், அதேதான். பிறகு மரத்தில் உயரக் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டி, பெண்களும் குறிபார்ப்பார்கள். ஆண் பிள்ளை பிறந்தால் ஒரு வேட்டு, சாவுக்கு இரண்டு. அங்கே துப்பாக்கி வீட்டில் ஓர் ஆள்.

இங்கே காவிரியின் கடைமடையில், களத்து நெல்லுக்குக் காவல் படுத்தவரிடம் இருந்தது கம்பு. எல்லைக் கருப்பு கையில் அரிவாள். துப்பாக்கி இருந்தது மிராசுதார் வீட்டில். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்கு வந்தவர்களிடம் அது இருந்தது. கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். அந்த நினைவு உள்ள மண்ணில் ‘தற்காப்புக்குத் துப்பாக்கி’ என்றால், யாருடைய தற்காப்பு என்றுதான் கேட்கத் தோன்றும். நான் அதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். அமெரிக்காவிலும் அதே கேள்வி எழும்: 1865-இல் மிசிசிப்பி மாநிலம் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டது. யாருடைய உரிமை?

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். நம் சட்டத்தையாவது சொல்லிவிடுகிறேன். நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. அந்த உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆயுதம் இல்லாதவருக்கும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. காவல்துறையை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. வணக்கம்.